பழைய வண்டி வாங்குறீங்களா? முதல்ல இன்ஜினோட மூச்சை அளந்து பாருங்க!

சில நூறு ரூபாய்ச் செலவில் பெரிய நஷ்டத்தைத் தடுக்கும் 'கம்ப்ரஷன் டெஸ்ட்'

மாசி தொடங்கிச் சித்திரை வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் களங்கள் எல்லாம் சிவப்பாகக் கிடக்கும். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, நயினார்கோவில் பக்கம் முண்டு மிளகாய்ப் பழம் பறித்து, காயவைத்து, மூட்டை பிடித்து, எட்டிவயல், பரமக்குடி சந்தைகளுக்கு ஏற்றுகிற காலம் அது. 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். கையில் கொஞ்சம் காசு புழங்குகிற இந்த நேரத்தில்தான், 'வருஷா வருஷம் வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசுல, பழைய வண்டி ஒண்ணு சொந்தமா வாங்கிப் போட்டுடலாமே' என்ற பேச்சும் வீடுகளில் கிளம்பும்.

நியாயமான யோசனைதான். மூட்டையும் ஏற்றலாம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஆனால், வாங்குகிற வண்டி புதிதாக பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும். இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். மூட்டை ஏற்றி நாலு நடை போன பிறகு புகை தள்ள ஆரம்பிக்கும். மெக்கானிக் பார்த்துவிட்டு, 'ஆயில் அடிக்குது, இன்ஜினை இறக்கணும்' என்பார். போர் வேலை, பிஸ்டன், ரிங், ஹெட் வேலை என்று பல பத்தாயிரங்கள் போகும். நகையை வைத்து வண்டி வாங்கிய வீட்டில், வண்டியை ஓட வைக்க இன்னொரு நகையும் போகும்.

பெயின்ட்டை நம்பாமல், கிலோமீட்டர் மீட்டரையும் நம்பாமல், இன்ஜினையே கேட்டுவிடுகிற வழி ஒன்று இருக்கிறது. அதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக் கழற்றத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடலாம்.

பம்புசெட் ஹேண்டில் சொல்லும் சேதி

கம்ப்ரஷன் என்றால் என்ன என்று டீசல் பம்புசெட் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே இருக்கிற சின்ன லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினால் இன்ஜின் இலகுவாகச் சுற்றும். வேகம் வந்ததும் லீவரை இறக்கினால், 'கும்' என்று ஒரு பிடிப்பு கையில் தெரியும். அடைபட்ட காற்றைப் பிஸ்டன் அழுத்துகிற பிடிப்பு அது. அந்தப் பிடிப்பு இருந்தால் இன்ஜின் கிளம்பும். பிடிப்பு தளர்ந்துபோன பழைய இன்ஜினை எத்தனை பேர் மாறி மாறிச் சுற்றினாலும் வெறும் மூச்சுதான் வாங்கும்.

கார் இன்ஜினிலும் அதே கதைதான். பெட்ரோல் இன்ஜின் தான் இழுத்த காற்றையும் பெட்ரோலையும் சுமார் 9 முதல் 11 மடங்கு வரை சுருக்குகிறது. டீசல் இன்ஜின் வெறும் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை சுருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதுபோல அழுத்தப்பட்ட காற்று சூடாகும். டீசல் இன்ஜினுக்குள் அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சியதும் பிளக் எதுவும் இல்லாமலே தீப்பிடிக்கிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897-ம் ஆண்டு ஓடவிட்டுக் காட்டிய இன்ஜினின் அடிப்படையே இந்த அழுத்தம்தான். 1900-ல் பாரீஸ் கண்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள் என்பது, கடலை போடுகிற நம் விவசாயிகளுக்கு ஒரு கூடுதல் சேதி.

இந்தக் காற்று வெளியே கசியாமல் பிடித்துவைப்பவை மூன்று. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள், மேலே திறந்து மூடும் வால்வுகள், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். இதில் எது தேய்ந்தாலும், எரிந்தாலும் காற்று கசியும். இழுவை குறையும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், புகை தள்ளும். காற்று எவ்வளவு நிற்கிறது என்று ஒரு மீட்டரை வைத்து அளப்பதுதான் டெஸ்ட்.

நம் ஊர் வெயில் மறைக்கும் குறை

குளிர் பிரதேசத்தில் கம்ப்ரஷன் குறைந்த டீசல் வண்டி காலையில் கிளம்பவே கிளம்பாது. குட்டு தானாக வெளிப்பட்டுவிடும். ராமநாதபுரத்தில் மார்கழி விடியற்காலையிலேயே பெரிய குளிர் கிடையாது. சித்திரை மதியத்தில் கேட்கவே வேண்டாம். தேய்ந்துபோன இன்ஜின்கூட ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். அதனால், 'ஒரே செல்ஃப்தான் சார்' என்று விற்பவர் சொல்வதை இந்த ஊரில் பெரிய நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

வண்டியைப் பார்க்க விடியற்காலையில் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு, சொல்லாமல் போய் நிற்பது நல்லது.

ராமேஸ்வரம் பக்கத்து வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. யாத்ரீகர்களைக் கூட்டிக்கொண்டு கோயில், தனுஷ்கோடி என்று ஓடுகிற வண்டிகள், ஆட்கள் திரும்பி வரும்வரை ஏ.சி-யைப் போட்டபடி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் எல்லாம் இன்ஜின் தேய்கிறது, கிலோமீட்டர் மீட்டர் மட்டும் அசையாது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017-ல்தான். அதற்கு முன்பு கடற்கரை மணலிலும் தண்ணீரிலும் உழன்று ஓடிய ஜீப்களும் வேன்களும் உண்டு. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகிற நைஸான மணல், உப்புத்தாள் போலச் சிலிண்டரைத் தேய்க்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம் விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கே மண் ஒட்டினால் டெஸ்ட் செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

மூன்றாவது, தண்ணீர். இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உவர்ப்பு. கூலன்ட்டுக்குக் காசு எதற்கு என்று ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியவர்கள் நிறைய. உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும், இன்ஜின் கொதிக்கும், கடைசியில் ஹெட் கேஸ்கெட் போகும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறத்தில் கூலன்ட் இருந்தால் நல்லது. துருத் தண்ணீராக இருந்தால் வண்டி எப்படி வளர்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது இந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டெஸ்ட் எப்படிச் செய்ய வேண்டும்?

வண்டியை நீங்களும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கும் சேர்ந்து பார்ப்பதுதான் சரி. விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம். பெட்ரோல் வண்டிக்கான கம்ப்ரஷன் கேஜ் விலை அதிகமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால், ஊரே பயன்படுத்தலாம். ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் கேஜைவிட, பிளக் துளையில் மரை போட்டு மாட்டும் கேஜ்தான் சரியாகக் காட்டும்.

முதலில் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பேட்டரி இளைத்திருந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டி, நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். இன்ஜினை ஓட்டி வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட வேண்டும். அலுமினிய ஹெட் நெருப்பாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துவிடும்.

கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டாச்சா என்று பார்த்துக்கொண்டு, பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். காயில் இணைப்பையும் பிரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் சுற்றினால் திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் தீப்பொறி பறக்கும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. பிறகு, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, வந்த வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் ஆயில் எரிகிறது.

முதல் சிலிண்டரில் கேஜை மாட்டியதும், ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று உள்ளே போகாது, அளவு பொய்யாகிவிடும். முள் ஐந்தாறு முறை துள்ளும் வரை சுற்றினால் போதும். முதல் துள்ளலில் எங்கே நிற்கிறது, கடைசியில் எங்கே நிற்கிறது என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாச் சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது?

கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ அளவில் காற்றுப் பிடிக்கிறோம். நல்ல பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டரில் 130 முதல் 190 பி.எஸ்.ஐ வரை இருக்கும். மீட்டர் கிலோ கணக்கில் இருந்தால், ஒரு கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. 100-க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரில் கோளாறு நிச்சயம். இவை பொதுக் கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்தான் முடிவானது.

தனி எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் இருக்கும் ஒற்றுமை. ஆம்னி போன்ற மூன்று சிலிண்டர் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 142, 138, 140 என்று வந்தால், இன்ஜின் வயதானது, ஆனால் சீராகத் தேய்ந்திருக்கிறது. விலையைக் கொஞ்சம் பேசி வாங்கலாம். 170, 165, 110 என்று வந்தால், முதல் இரண்டு எண்களும் பார்க்க அழகாக இருந்தாலும் வண்டி மோசம். மிகக் குறைந்த எண், மிக அதிகமான எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. 170-க்கு முக்கால் பங்கு 127. இங்கே 110-தான் இருக்கிறது.

அந்த மூன்றாவது சிலிண்டரில் என்ன வியாதி என்று கண்டுபிடிக்க ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் போதும். பிளக் துளை வழியாக ஊற்றி, இன்னொரு முறை அளக்க வேண்டும். ஆயில் போய் ரிங்குகளைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். 110 என்பது 150-க்கு ஏறினால், ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. இன்ஜினை இறக்கிச் செய்கிற பெரிய வேலை. ஆயில் ஊற்றியும் 110-லேயே நின்றால் வால்வு எரிந்திருக்கலாம், அல்லது சரியாக உட்காராமல் இருக்கலாம். ஹெட்டை மட்டும் கழற்றுகிற வேலை. எழுதிவைத்த முதல் துள்ளலும் இதற்குத் துணை சொல்லும். ரிங் தேய்ந்திருந்தால் முள் தாழ்வாகத் தொடங்கி, ஒவ்வொரு துள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வால்வு கெட்டிருந்தால் தாழ்வாகவே கிடக்கும்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து படுத்திருந்தால், உதாரணமாக 165, 60, 60 என்றால், நடுவில் ஹெட் கேஸ்கெட் எரிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாமே ஒரே அளவில் குறைவாக இருந்தால் இன்ஜின் முழுக்கத் தேய்ந்திருக்கலாம், அல்லது டைமிங் பெல்ட் பல் மாறியிருக்கலாம். இரண்டாவது என்றால் செலவு குறைவு. அளவுக்கு மீறி அதிகமாகக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், உள்ளே கரி படிந்திருக்கிறது. கேஸில் ஓடிய பழைய பெட்ரோல் வண்டிகளில் வால்வு இருக்கைகள் சீக்கிரம் தேயும் என்பதால், அந்த வண்டிகளுக்கு இந்த டெஸ்ட் கட்டாயம்.

ஊட்டி, கொடைக்கானல் வண்டியை அங்கேயே போய் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை மேல் காற்றின் அழுத்தமே குறைவு. ராமநாதபுரத்தில் 160 காட்டுகிற இன்ஜின், ஊட்டியில் 130-க்குக் கீழேதான் காட்டும்.

டீசல் வண்டிக்கு வேறு மீட்டர்

விவசாயிகள் தேடுவது பெரும்பாலும் டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் போன்ற டீசல் லோடு வண்டிகளைத்தான். டீசல் இன்ஜினில் அழுத்தம் 350 முதல் 500 பி.எஸ்.ஐ வரை போகும். பெட்ரோல் கேஜை இதில் மாட்டினால் வெடித்துக் கையைக் கிழிக்கும். க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டர் இருக்கும் துளையில், அதற்கென்றே உள்ள டீசல் கேஜைத்தான் மாட்ட வேண்டும். 300-க்குக் கீழே இருந்தால் தள்ளி நிற்பது நல்லது. ஆயில் ஊற்றிப் பார்க்கும் சோதனையை டீசலில் செய்யவே கூடாது. பிஸ்டனுக்கு மேலே இடைவெளி மிகக் குறைவு, அழுத்தச் சூட்டில் ஆயில் தீப்பிடிக்கவும் செய்யும்.

கடற்கரை வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் க்ளோ பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றும்போது உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். உடைந்தால் செலவு யாருடையது என்பதை, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மாற்று வழிகள் இருக்கின்றன. புதிய வண்டிகளில் பெரிய சர்வீஸ் நிலையத்தின் ஸ்கேனரே சிலிண்டர்களை ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பழைய வண்டி என்றால் எரிபொருளை நிறுத்திவிட்டு ஐந்தாறு விநாடி செல்ஃப் அடித்துக் காதால் கேட்க வேண்டும். சீரான இன்ஜின், ஆட்டுரல் சுற்றுவதுபோல ஒரே தாளத்தில் சுற்றும். நடுவில் ஒரு அடி மட்டும் வழுக்கிக்கொண்டு வேகமாகப் போனால், அந்தச் சிலிண்டரில் பிடிப்பு இல்லை.

ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பதையும் விடாதீர்கள். லேசான ஆவி இயல்பு. மூடியைத் துளையின் மேல் வைத்தால் அது குதித்தாலோ, குபுகுபுவென்று புகை வந்தாலோ, ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. மூடியின் அடியில் மோர் போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

டெஸ்டையும் ஏமாற்றுவார்கள்

தேய்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பது பழைய தந்திரம். கெட்டி ஆயில் ரிங் இடுக்கை அடைத்துக்கொள்ளும், புகை குறையும், கேஜிலும் எண் ஏறிக் காட்டும். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். தேன் போல இழுத்தால் சந்தேகம்தான். உங்கள் செலவிலேயே கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயிலை மாற்றி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு டெஸ்ட் செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஆயில் காசு போனாலும் பரவாயில்லை. விற்பவரின் முகத்திலேயே பாதி பதில் வந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி, 2024 நவம்பரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய ராமேஸ்வரம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். தண்ணீரில் நிற்கும்போது இன்ஜினைக் கிளப்பினால், சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது. அந்தச் சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், ஆயில் ஊற்றினாலும் மற்றவற்றுக்குச் சமமாக வராது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம்.

கம்ப்ரஷன் டெஸ்ட் இன்ஜினைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அடிப்பாகம் வேறு கதை. பாம்பன், மண்டபம் கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதற்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் தனி மையமே வைத்திருப்பது போதும். மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகி ஒழுகிய உப்புத் தண்ணீர் சேஸிஸ் முழுக்க இறங்கியிருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்ற சத்தம் 'பொத்' என்று மாறுகிற இடத்தில் துரு. பிரேக் பைப்புகளைக் கட்டாயம் பாருங்கள். 170 காட்டுகிற இன்ஜின் இருந்து என்ன, பிரேக் பைப் ஓட்டையானால்?

கையெழுத்துப் போடும் முன்

எண்களை ஒரு தாளில் தேதி, கிலோமீட்டரோடு எழுதி, விற்பவருக்கும் காட்டிப் பேரம் பேசுங்கள். ஹெட் வேலை தேவைப்பட்டால் அதற்கு ஆகும் தொகையை மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழிக்கச் சொல்லலாம். போர் வேலை தேவைப்படும் வண்டி என்றால், விலை மிகவும் இறங்கினால் ஒழிய விட்டுவிடுவதே மேல்.

ஆர்.சி புக்கில் கடன் பதிவு இருந்தால், விற்பவர் கடன் கொடுத்த நிறுவனத்திடம் படிவம் 35-ல் கையொப்பம் வாங்கி அதை நீக்கித் தரவேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தாமதமில்லாமல் கொடுத்துவிட வேண்டும். லோடு வண்டி எட்டு வயதைத் தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி எடுக்க வேண்டும் என்பதால், அடுத்த எஃப்.சி எப்போது என்று பார்த்து, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். எழுதிய தாளை ஆர்.சி புக்கோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் மிளகாய் ஏற்றும் காலத்துக்கு முன்பு ஒருமுறை அளந்து, அதே தாளில் புதிய எண்களை எழுதிவாருங்கள்.